எல்லை வகுக்கும் எழுத்து: மருத்துவ ஆய்வுக் கட்டுரை எழுதக் கற்பித்தல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சுகாதார ஆய்வுத் துறையில் கட்டுரை எழுதும் பயிற்சி பெரும்பாலும் அமைப்பையும் காலக்கெடுவையும் மையமாகக் கொண்டுள்ளது. சான்று இடந்தரும் அளவுக்கு மட்டுமே கூறும் பழக்கம் அப்பயிற்சியில் போதிய இடம் பெறவில்லை என்பதை 1897, 1959 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு கட்டுரைகளின் வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: ஆய்வுக் கட்டுரை, சுகாதார ஆய்வு, காசநோய், ரொனால்டு ராஸ், நன்னூல்.

முன்னுரை

மருத்துவமனைகளிலும் நோய்த்தடுப்புத் திட்டங்களிலும் பதிவேடுகளுக்குக் குறைவில்லை. அவை ஆய்வுக் கட்டுரையாக மாறுவதே அரிது. இக்குறையைப் போக்கக் காசநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் எதிரான பன்னாட்டு ஒன்றியமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2009இல் ஒரு பயிற்சியைத் தொடங்கின. பின்னர் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டத்தின் ஒருங்கிணைப்பில் 'சார்ட் இட்' என்னும் பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. ஆய்வுத் திட்டம் வரைதல், தரவைப் பகுத்தல், கட்டுரை எழுதுதல் என்பன அதன் படிநிலைகள். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. கெடு தவறியவர் பயிற்சியில் தொடர இயலாது. இறுதி வகுப்பு முடிந்த நான்கு வாரங்களுக்குள் கட்டுரை இதழுக்குச் சென்றாக வேண்டும்.

இம்முறையின் வலிமை வெளிப்படையானது. பயில்பவர் தம் பணியிடத்தின் தரவையே கையாள்கிறார். வழிகாட்டி அருகிலிருந்து திருத்துகிறார். தொடங்கிய எழுத்து முடிவடைகிறது. ஆயினும் அனுப்பப்பட்ட கட்டுரையும் அச்சேறிய கட்டுரையுமே வெற்றியின் அளவுகோல்களாகும்போது, கூறியது சான்றுக்கு உட்பட்டதா என்னும் வினா மதிப்பீட்டாளரின் பொறுப்பாகத் தள்ளப்படுகிறது. எழுதுபவரே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அது.

அமைப்பும் அதன் போதாமையும்

அறிமுகம், முறையியல், முடிவுகள், விவாதம் என்னும் நாற்பகுப்பு தொன்மையானது என்று மாணவர் பலர் கருதுகின்றனர். முன்னணி மருத்துவ இதழ்களில் அது பெருவழக்கானது 1970களில்தான். புள்ளியியலறிஞர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் 1965இல் இப்பகுப்பை நான்கு எளிய வினாக்களாக விளக்கினார்: ஏன் தொடங்கினீர், என்ன செய்தீர், என்ன விடை கிடைத்தது, அதற்கு என்னதான் பொருள். முதல் மூன்றுக்கும் படிவம் உதவும். நான்காவதற்கு எப்படிவமும் உதவாது. பயிற்சிக் கையேடுகள் மெலிவதும் மாணவர் கட்டுரைகள் வீங்குவதும் அவ்விடத்திலேயே.

நன்னூல் பாயிரம் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுக்கின்றது. அது மருத்துவக் கட்டுரைக்கு இலக்கணம் வகுத்தது என்று கூறுவது நகைப்புக்குரியது. எனினும் விவாதப் பகுதிகளைத் திருத்தும் ஆசிரியருக்கு அப்பட்டியலினும் கூர்மையான கருவி கிடைப்பது அரிது. முடிவுகளை மீண்டும் அடுக்குவது கூறியது கூறல். ஒரு மருத்துவமனையின் தரவைக் கொண்டு நாட்டுக்கே பரிந்துரை வழங்குவது மிகைபடக் கூறல். 'மேலும் ஆய்வுகள் தேவை' என்று ஓய்வது சென்றுதேய்ந்து இறுதல். சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் 'எல்லை'யும் ஒன்று. அங்கு அது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிக்கும். ஆய்வு முடிவு எந்நிலத்தில், எம்மக்களிடத்தில் செல்லும் என்பதற்கும் அச்சொல்லை நாம் எடுத்தாளலாம்.

இரு கட்டுரைகள்

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் நிறமிகொண்ட உயிரணுக்களைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்த அவரது கட்டுரையின் தலைப்பு, மலேரியாக் குருதி உண்ட இரண்டு கொசுக்களில் காணப்பட்ட சில விந்தையான நிறமி உயிரணுக்கள் பற்றியது என்னும் பொருள்படும். மலேரியா பரவும் வழி கண்டறியப்பட்டது என்று அத்தலைப்பு முழங்கவில்லை. கொசுக்கள் இரண்டு, அவ்வெண்ணிக்கை தலைப்பிலேயே உள்ளது. (பிற்காலத்தில் இத்தாலிய அறிஞர் கிராசியோடு ராஸ் நிகழ்த்திய முன்னுரிமைப் பூசலில் இவ்வடக்கத்தின் சுவடே இல்லை என்பது வேறு செய்தி.)

இரண்டாவது கட்டுரை சென்னையில் பிறந்தது. 1956இல் நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் 'புல்லட்டின்' இதழில் 90 பக்கங்களுக்கு மேல் நீளும் கட்டுரையொன்றைத் தன் பெயரிலேயே வெளியிட்டது. நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வீட்டிலும் மற்றவர் சானடோரியத்திலும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். ஆகிய மருந்துகளை ஓராண்டு பெற்றனர். ஓய்வும் நல்லுணவும் செவிலியர் கவனிப்பும் சானடோரியத்தில் இருந்தவருக்கே வாய்த்தன. எனினும் முடிவுகளுக்கு இடையே இருந்த வேறுபாடு சிறிதே.

இங்கு எழுத்து நோக்கத்தக்கது. சானடோரியப் பிரிவு சற்று மேலோங்கியதைக் கட்டுரை மறைக்கவில்லை. குறிப்பிட்ட தேவைகள் நிறைவேறுமாயின் பெரும்பான்மையோருக்கு வீட்டுச் சிகிச்சை பொருந்தும். ஒருசிலருக்கு அது சானடோரியத்தில் கிட்டும் அளவு பயன் தராமற்போகலாம் என்றே முடிக்கின்றது. நோயாளி வீட்டிலிருப்பதால் குடும்பத்தார்க்கு நோய் தொற்றுமா என்பது அன்றைய பேரச்சம். அதற்கு அடுத்த ஆண்டு தனிக் கட்டுரை வந்தது. அதே நோயாளிகளின் ஐந்தாண்டு நிலை 1966இல் வந்தது. ஒரே தரவைத் துண்டாக்கிக் கட்டுரை எண்ணிக்கையைப் பெருக்கும் இன்றைய வழக்கத்தோடு இதனை ஒப்பிட முடியாது. இவை வெவ்வேறு வினாக்கள். 1962இல் தொடங்கிய இந்தியத் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக ஏற்றது. படுக்கை கிடைக்காது காத்திருந்தோரின் வாழ்வு, ஒருவகையில், அந்த 'ஆயின்' என்னும் சொல்லின் நேர்மையைச் சார்ந்திருந்தது.

இன்றைய இதழ்களின் சொல்லெல்லைக்குள் இக்கட்டுரையைச் சுருக்க நேர்ந்தால் முதலில் உதிர்வன இந்நிபந்தனைகளாகவே இருக்கும். பயிற்சி வகுப்புகள் செய்து பார்க்கத்தக்க ஒன்றுண்டு. 1959ஆம் ஆண்டுக் கட்டுரையின் அட்டவணைகளை மட்டும் மாணவரிடம் அளித்து, இறுதிப் பத்தியை அவர்களையே எழுதச் செய்யலாம். பின்னர் அச்சிலுள்ள பத்தியை அதனருகில் வைத்து, எத்தனை நிபந்தனைகள் விடுபட்டன என்று அவர்களையே எண்ணச் சொல்லலாம்.