மனமில்லாத விஞ்ஞானி: ‘ஹல்க்’ சித்திரக்கதை பற்றி ஒரு மதிப்புரை

சித்திரக்கதை என்றால் சிறுவர் விளையாட்டு என்று தள்ளிவிடுவது கற்றார் வழக்கம். யான் பயின்ற ஆங்கிலப் பள்ளியிலும் அவ்வாறே கற்பித்தனர். மேசைக்கடியில் வைத்துப் படித்த படப் புத்தகங்களை ஆசிரியர் பறித்துக்கொண்டதுண்டு. பறித்த ஆசிரியர் அவற்றுள் ஒன்றையேனும் படித்துப் பார்த்திருப்பாரா என்னும் ஐயம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. சென்ற மாதம் மலாக்காவில் ஒரு பழைய புத்தகக் கடையில் ‘ஹல்க்’ என்னும் அமெரிக்கச் சித்திரக்கதையின் முதல் ஆறு இதழ்களைத் தொகுத்த நூலொன்று அகப்பட்டது. எங்கள் லயத்துச் சிறுவர்களுக்கு அப்பச்சைப் பூதம் திரைப்படத்தின் வாயிலாக நெருங்கிய நண்பன். அதன் பிறப்பு வரலாற்றைப் படித்தார் யாருமிலர். படித்தபின் எழுந்த எண்ணங்களை வாசகர் முன் வைக்கின்றேன்.

இவ்வகை நூல் தமிழுக்குப் புதிதன்று. 1972-ஆம் ஆண்டில் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸ், பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கதையை ‘இரும்புக்கை மாயாவி’ என்னும் பெயரால் தமிழாக்கித் தன் முதல் வெளியீடாகத் தந்தது. அதிலும் சோதனைச்சாலை உண்டு; விபத்து உண்டு; விபத்தால் இயல்பு மாறிய மனிதன் உண்டு. ஆனால் ‘ஹல்க்’ கதையில் மற்றொன்றும் உண்டு. அதன் நாயகன் வெறும் விஞ்ஞானி அல்லன். பட்டாளத்திற்குக் குண்டு செய்து கொடுக்கும் விஞ்ஞானி. ஆகவே அது வேறொரு வினாவையும் சுமந்து வருகின்றது.

முதல் இதழ் 1962-ஆம் ஆண்டு மே மாதத் தேதியுடன் வெளிவந்தது. எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஜாக் கர்பி. இருவரும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கச் சேனையில் பணிபுரிந்தவர்கள். கர்பி பிரான்சுப் போர்முனையில் காலாட்படை வீரராக நின்றவர். அதே 1962-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் கியூபாத் தீவிலிருந்த ஏவுகணைகளை முன்னிட்டு அமெரிக்காவும் ருஷியாவும் அணுயுத்தத்தின் வாயில்வரை சென்று மீண்டன. காலத்தின் அச்சம் கதையின் ஒவ்வொரு பக்கத்திலும் நிழலாடுகின்றது.

கதை இது. பாலைவனத்தில் ஒரு படைத்தளம். உலகின் முதல் அணுகுண்டு 1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோப் பாலைவனத்தில் வெடித்ததை அறிந்த வாசகர், அக்காட்சியைக் கண்டதும் அதனை நினையாதிரார். அங்கே டாக்டர் புரூஸ் பேனர் என்பவன் ‘காமா குண்டு’ ஒன்றைச் செய்து முடித்திருக்கின்றான். மெலிந்த உடல், கண்ணாடி, தாழ்ந்த குரல். ஜெனரல் ராஸ் என்னும் சேனைத் தலைவன், சோதனை தாமதமாகின்றதென்று அவனை அதட்டுகின்றான். குறித்த நேரம் நெருங்குகையில் ரிக் ஜோன்ஸ் என்னும் இளைஞன் தோழரிடம் கட்டிய பந்தயத்திற்காக வெடிக்களத்துள் வண்டியோட்டி வந்துவிடுகின்றான். சோதனையை நிறுத்துமாறு தன் உதவியாளன் இகோரிடம் சொல்லிவிட்டுப் பேனர் களத்துள் ஓடுகின்றான். இகோரோ அயல்நாட்டு ஒற்றன், நிறுத்தவில்லை. இளைஞனைப் பதுங்குகுழியில் தள்ளிக் காப்பாற்றிய பேனர், குண்டின் கதிர் முழுவதையும் தன் உடம்பில் ஏற்கின்றான். அன்று முதல் இருள் கவியும்போதெல்லாம் அவன் பெரும்பூதமாக மாறுகின்றான். விடிந்தால் பழைய மனிதன். சினத்தால் மாறுவதென்பது பின்னர் ஏற்பட்ட மாற்றம். முதல் இதழில் பூதத்தின் நிறமும் சாம்பலே. அச்சில் அந்நிறம் ஒரு சீராக வராமையால் இரண்டாம் இதழில் பச்சையாயிற்று.

இக்கதையின் நயம் எங்கே உள்ளது? குண்டைச் செய்தவன் மேலேயே குண்டு விழுவதில் உள்ளது. ஆயுதம் செய்பவர் எப்பொழுதும் ஆயுதத்திற்கு அப்பாலே நிற்பர். அவர் மேசையில் இருப்பது கணக்கு, வெடிப்பது வேறிடம், சாவது வேறொருவர். லீயும் கர்பியும் அந்தத் தொலைவை ஒரே பக்கத்தில் அழித்துவிட்டனர். ஒரு தெருப்பையனுக்காகத் தன் குண்டின் முன்னே தானே நிற்கவேண்டியவனாகின்றான் பேனர். குழந்தையைக் காக்க ஒரு பெண் மோட்டார் வண்டியையே தூக்கியதைத் தாம் கண்டதாகவும், ஹல்க்கின் கருத்து அதிலிருந்து பிறந்ததாகவும் கர்பி பிற்காலத்தில் கூறினார். அம்மூர்க்க வலிமையின் அடியில் பரிவு ஒன்று இருப்பதை அவருடைய படங்களும் காட்டுகின்றன.

இனிக் குறைக்கு வருவோம். பேனரை ‘மனமில்லாத விஞ்ஞானி’ என்று போற்றுவர் பலர். அவனுக்கு எதில் மனமில்லை? முதல் இதழை ஊன்றிப் படிக்குந்தோறும் எனக்குத் தோன்றுவது இதுவே: அவனுடைய தயக்கம் சோதனையின் நாளைப் பற்றியது, குண்டின் நோக்கத்தைப் பற்றியதன்று. ‘இன்னும் பாதுகாப்பு வேண்டும்’ என்பதே அவன் கவலை. இக்குண்டு எந்த ஊரின்மேல் விழும், அவ்வூரில் எத்தனை ரிக் ஜோன்ஸுகள் இருப்பர் என்று அவனும் கேட்கவில்லை. கதையும் நின்று கேட்கவில்லை. களத்தில் வந்து நின்ற ஒருவனுக்காக ஓடியவன், கண்ணுக்குத் தெரியாத ஆயிரவருக்காக ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. மேலும், இகோர் என்னும் ஒற்றனைப் புகுத்தியதால் பழி முழுவதும் அவன் தலையில் ஏறிவிடுகின்றது. குண்டு செய்தது குற்றமன்று, நிறுத்தாததே குற்றம் என்றாகிவிடுகின்றது. இஃது ஆசிரியர் தம் நாயகனுக்குச் செய்த சலுகை.

ஆயினும் அதே இதழின் பிற்பகுதியில் மற்றொரு விஞ்ஞானி வருகின்றான். என் எண்ணத்தில் அவனே அக்கதையின் மெய்யான நாயகன். இரும்புத்திரைக்கு அப்பால் உள்ள அவன் பெயர் கார்காயில். தன் சர்க்காருக்காகக் குண்டுச் சோதனை செய்து, கதிரால் தலை பெருத்து உருக்குலைந்தவன். எல்லாரும் அவனைக் கண்டு அஞ்சுகின்றனர். ஹல்க்கைச் சிறைபிடித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோகின்றான். அங்கே அப்பூதம் பேனராக மாறக் கண்டதும் அவன் அழுதுவிடுகின்றான். தானும் மனிதவுருப் பெற எதையும் கொடுப்பேன் என்கின்றான். பேனர் தன் வித்தையால் அவனுக்குப் பழைய உருவை மீட்டுத் தருகின்றான். அதற்கு விலையாகக் கார்காயில் தன் பேரறிவை இழக்கின்றான். பின் அவன் செய்வது என்ன? கைதிகள் இருவரையும் தம் நாட்டிற்கு அனுப்பிவிட்டு, தன்னை உருக்குலைத்த தளத்தைத் தன்னோடு சேர்த்துத் தகர்க்கின்றான். பகைவனென்று வரையப்பட்டவன் ‘இனிச் செய்யேன்’ என்று மறுக்கின்றான். நாயகனென்று வரையப்பட்டவனோ தளத்திற்குத் திரும்பிப் பழைய வேலையைத் தொடர்கின்றான்! மறுப்பு என்னும் பெருஞ்செயலை ஆசிரியர் எதிரி நாட்டானுக்கு மட்டும் அனுமதித்தனர். அமெரிக்கச் சிறுவனுக்கு அதனை நேரே கொடுக்க 1962-இல் அவர்களுக்குத் துணிவு இல்லை போலும்.

நம் காவியத்திலும் இதற்கு ஒப்பு உண்டு. இராமாயணத்தைப் பற்றி நம்முள் பலர்க்குப் பல கொள்கை இருக்கலாம்; கும்பகருணனை மறுப்பார் இலர். செய்வது தவறென்று தமையனுக்கு எடுத்துரைக்கின்றான். தமையன் கேட்கவில்லையென்றதும் படைக்கலம் ஏந்திப் போய் மடிகின்றான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் அதனைக் கொண்டாடுகின்றோம். மேடைதோறும் கண்ணீர் விடுகின்றோம். அவன் ஒருவன் மடிந்ததைப் பாடிய நாம், மனமில்லாத அக்கையால் மடிந்தவரை எண்ணியதுண்டா? பேனரும் கும்பகருணனின் இனத்தவனே. உறங்கும் அறிவும் விழித்தால் பூதவலிமையும் ஒருவனுக்கே அமைந்த ஒப்புமை வியக்கத்தக்கது.

‘இதெல்லாம் கதை, மெய்யுலகில் மறுத்தவர் யார்?’ என்று கேட்பார்க்கு ஒரு விடை உண்டு. போலந்தில் பிறந்த ஜோசப் ராட்பிளாட் என்னும் விஞ்ஞானி, ஹிட்லரின் கைக்கு அணுகுண்டு முதலில் போய்விடுமோ என்னும் அச்சத்தால் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தளத்தில் 1944-இல் வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மனியிடம் குண்டு இல்லையென்று அவ்வாண்டின் இறுதியில் தெரிந்தது. தாம் வந்த காரணம் தீர்ந்ததென்று மூட்டை கட்டிப் புறப்பட்டுவிட்டார். அணு ஆயுதத்திற்கு எதிராக அரை நூற்றாண்டு உழைத்து 1995-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். பூதமாக மாறாமலே மறுத்த மனிதர் அவர்.

ஆனால் இவ்விடத்தில் என் வீட்டிலிருந்தே ஒரு தடை எழுகின்றது. அதனை மறைப்பது நேர்மையன்று. என் பாட்டனார் 1943-இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர். உடன் சென்ற பல்லாயிரம் தமிழர் திரும்பவில்லை, அவர் திரும்பினார். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்தது, ஜப்பானியர் சரணடைந்தனர். யான் பள்ளியில் படித்ததைக் கொண்டு அக்குண்டைப் பழித்தபோது பாட்டனார் சொன்னது: “அந்தக் குண்டு விழலேன்னா நான் ஏது, நீ ஏது?” அதற்கு என்னிடம் அன்று விடையில்லை. இன்றும் முழு விடையில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். பாட்டனார் காரணம் கேட்டார். ராட்பிளாட்டும் காரணம் கேட்டார். காரணம் கேட்காமலே குண்டு செய்பவனைப் பற்றியே யான் பேசுகின்றேன். பேனரின் குண்டுக்கு அக்கதையில் காரணமே கூறப்படவில்லை. கலையின் குறையும் அறத்தின் குறையும் அங்கே ஒன்றாகிவிட்டன.

பிற்காலத்தார் இக்குறையை நீக்கினரா? ஆறாம் இதழோடு 1963-இல் நின்ற தொடர், மறு ஆண்டே வேறொரு பத்திரிகையில் மீண்டும் உயிர்த்தது. பலர் கைக்கு மாறிற்று. 1985-இல் பில் மான்ட்லோ, பேனர் இளமையில் தந்தையின் கொடுமைக்கு ஆளானவன் என்று எழுதினார். 1987 முதல் 1998 வரை எழுதிய பீட்டர் டேவிட் அக்கருத்தை நுட்பமாக வளர்த்தார். மனநூல் நோக்கில் இவை முதல் இதழ்களினும் ஆழமானவை, ஐயமில்லை. ஆனால் சினத்தின் வேர் சோதனைச்சாலையிலிருந்து தொட்டிலுக்கு மாற்றப்பட்டது. தந்தை குற்றவாளியானான்; குண்டு பின்னணியாயிற்று. 2018 முதல் 2021 வரை 50 இதழ்களில் ஆல் யூயிங் எழுதிய தொடரில் பூதம் பெருங்கம்பெனியை எதிர்த்து நிற்பதைக் காண்கின்றோம். பழைய வினா மீண்டும் தலைகாட்டுகின்றது. இடையே 2008-இல் தோன்றிய செந்நிறப் பூதம் ஜெனரல் ராஸே என்று பின்னர் வெளிப்பட்டது. பூதத்தை வேட்டையாடியவனே பூதமான அந்நகைச்சுவை எனக்குப் பிடித்தது.

ஒரு சித்திரக்கதையை இவ்வளவு கடுமையாக விசாரிக்க நீ யார் என்று வாசகர் கேட்கலாம். யான் தம்பின் வட்டாரத்துத் தோட்டமொன்றின் கிராணி. பத்தாண்டுகளுக்கு முன் ஸ்டோர் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. செம்பனைக் காட்டில் களைக்கு மருந்தடிக்கும் பெண்களுக்குப் பாராகுவாட் அளந்து கொடுத்து, அளவை எழுதிக் கையொப்பம் இடுவேன். ஒரு நாள் ஓர் அம்மையார் கறுத்துப் பிளந்த நகங்களை மேசைமேல் வைத்துக் காட்டினார். “ஐயா, இந்த மருந்து வேணாங்க. வேற வேலை போட்டுக் குடுங்க” என்றார். “மேலிடத்து உத்தரவு அக்கா. நான் எழுதுறவன் மட்டுந்தான்” என்றேன். மனமில்லாமல்தான் சொன்னேன். மனமில்லாமல்தான் அன்றைய அளவையும் எழுதினேன். அவ்வம்மையாரின் நகத்திற்கு என் மனமின்மையால் என்ன பயன்?

அம்மருந்தை மலேசிய சர்க்கார் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றும் தடைசெய்தது. தடை வந்தபோது யான் மகிழ்ந்தேன். என் பெருமை அதில் அணுவளவும் இல்லை. மேலதிகாரியிடம் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். சங்கத்தாரிடம் சொல்லியிருக்கலாம். ‘இவருக்கு வேறு வேலை தருக’ என்று அதே புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரி குறித்திருக்கலாம். வேலை போயிருக்குமோ போயிராதோ. யான் கேட்டே பார்க்கவில்லை. ஆதலால் பேனரைப் பழிக்கும் தகுதி எனக்கு இல்லை. அவனை அடையாளம் காணும் தகுதி உண்டு.

இத்தொகுப்பை வாசகர் படிக்க வேண்டும். சிறுவர்க்கும் கொடுக்க வேண்டும். படங்கள் உயிருள்ளவை, கதை விரைந்து செல்லும். பூதம் எத்தனை டாங்கிகளை உடைத்தது என்று சிறுவர் எண்ணுவர், எண்ணட்டும். படித்து முடித்தபின் ஒன்று கேளுங்கள்: அந்த இரு விஞ்ஞானிகளுள் மனிதனானவன் யார்? எங்கள் லயத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் கேட்டேன். தலை பெருத்த கார்காயிலின் படத்தின்மேல் அவன் விரலை வைத்தான்.