இரண்டாம் தவணை

தடுப்பூசி அட்டையில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: முதல் தவணைக்கு ஒன்று, இரண்டாம் தவணைக்கு ஒன்று. 2021-இன் முதல் மாதங்களில் இலங்கையில் கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். அவர்களில் சுமார் 6 லட்சம் பேரின் அட்டையில் இரண்டாவது கட்டம் மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தது. பன்னிரண்டு வாரத்தில் போட்டிருக்க வேண்டிய ஊசி வரவே இல்லை. ஜூலை கடைசியில் ஜப்பான் கொடுத்த, கோவிஷீல்டின் அதே மருந்தான அஸ்ட்ராஜெனெகா கொழும்பில் வந்து இறங்கிய பிறகுதான் அந்தக் கட்டங்கள் நிரம்பத் தொடங்கின.

அவர்களுக்கு முதல் ஊசி புனேயிலிருந்து போயிருந்தது. ஜனவரி 28 அன்று இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 லட்சம் டோஸ், பிறகு இலங்கை விலைக்கு வாங்கிய 5 லட்சம், மார்ச்சில், உலக நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்தளித்த கோவாக்ஸ் திட்டம் வழியாகப் போன இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். எல்லாமே புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட்டில் தயாரானவை. அதன் பிறகு கதவு சாத்தப்பட்டது.

வலிமையுள்ள நாடு தன் எல்லைக்கு வெளியே உள்ளவர்களின் துயரைக் குறைக்கக் கடமைப்பட்டதா என்ற கேள்வியை நாம் அமெரிக்காவைப் பார்த்துக் கேட்டே பழகிவிட்டோம். தடுப்பூசி விஷயத்தில் நாமே அந்த வலிமையுள்ள நாடு. 2021-இல் கேள்வி நம்மை நோக்கித் திரும்பியது. அதற்கு இந்தியா சொன்ன பதில், வெளிநாடுகளுக்குத் தடுப்பூசி அனுப்பிய திட்டம்; அதற்கு ‘தடுப்பூசி மைத்ரி’, அதாவது தடுப்பூசி நட்பு, என்று பெயர். அந்தப் பதிலில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. வருத்தப்படவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் பெருமை. புனேயின் கிழக்கு ஓரம், ஹடப்சர். சைரஸ் பூனாவாலாவின் குடும்பம் அங்கே பந்தயக் குதிரைகள் வளர்த்து வந்தது. ஓய்வுபெற்ற குதிரைகள் மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்குப் போகும். அவற்றின் ரத்தத்திலிருந்து டெட்டனஸுக்கு மருந்து எடுப்பார்கள். அந்த மருந்தை நாமே தயாரித்தால் என்ன என்ற எண்ணத்தில் 1966-இல் தொடங்கியது சீரம் இன்ஸ்டிட்யூட். கொரோனா வரும் முன்பே ஆண்டுக்கு 150 கோடி டோஸ் தயாரிக்கும் நிறுவனமாக, எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய தடுப்பூசி ஆலையாக அது வளர்ந்திருந்தது.

2021 ஜனவரி 12 அன்று, விடிவதற்கு முன்பே, அதன் மாஞ்சரி வளாகத்தில் மூன்று குளிர்பதன லாரிகள் பூஜை போட்டு வெளியே வந்து விமான நிலையத்துக்குக் கிளம்பின. மொத்தம் 478 பெட்டிகள், ஒவ்வொன்றும் 32 கிலோ. அவை இந்தியாவின் 13 ஊர்களுக்கானவை. 16-ஆம் தேதி நாட்டில் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. நான்கே நாளில், 20-ஆம் தேதி, பூட்டானுக்கு ஒன்றரை லட்சமும் மாலத்தீவுக்கு ஒரு லட்சமும் பறந்தன. அதற்கு மறுநாள் மாஞ்சரியில் கட்டுமானத்தில் இருந்த கட்டடம் ஒன்று தீப்பிடித்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் 5 பேர் இறந்தார்கள். உற்பத்தி நிற்கவில்லை, நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் அன்றைக்கே மருந்து போனது. மைத்ரியைப் பற்றிப் பேசும்போது அந்த ஐந்து பேரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கரீபியன் கடலில் டொமினிகா என்று ஒரு தீவு. மக்கள்தொகை 72,000. பிப்ரவரியில் அங்கே 70,000 டோஸ் போய்ச் சேர்ந்தபோது, பிரதமரே விமான நிலையத்துக்கு வந்து பெட்டிகளைத் தன் கையால் சுமந்தார். பணக்கார நாடுகள் தங்கள் மக்கள்தொகையைப் போலப் பல மடங்குக்கு ஆர்டர் கொடுத்துக் குவித்துக்கொண்டிருந்த நேரம் அது. வரிசையில் கடைசியில் நின்ற ஒரு தீவு நாட்டின் பாதிப் பேருக்குப் போதுமான மருந்தை ஒரே தடவையில் கொடுத்தது இந்தியா. பிப்ரவரி 24 அன்று கானாவின் அக்ரா நகரில் கோவாக்ஸ் திட்டத்தின் முதல் சரக்கு இறங்கியது. அந்த 6 லட்சம் டோஸும் புனேயில் தயாரானவைதான். வேகம், குறைந்த விலை, எளியவரை முந்தவிட்ட நியாயம். இந்த மூன்றையும் யாரும் மறுக்க முடியாது.

மார்ச் இறுதியில் இந்தியாவில் இரண்டாம் அலை எழும்பியது. மிகக் கடுமையாக அடி வாங்கிய ஊர்களில் புனேயும் ஒன்று. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் புனே மாவட்டத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் கையிருப்பு இல்லாமல் மூடிக் கிடந்தன. மராத்தியில் தடுப்பூசிக்கு ‘லஸ்’ என்று பெயர். உலகத்துக்கே லஸ் அனுப்பிய ஊரில் லஸ் இல்லை. மே மாதம் நாட்டின் ஒரு நாள் தொற்று நான்கு லட்சத்தைத் தாண்டியது. ஏற்றுமதி ஏறக்குறைய முற்றிலும் நின்றது.

“நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் ஊருக்குக் கொடுத்தார்களே” என்ற குரல் அப்போது எழுந்தது. உறவைப் பறிகொடுத்தவர்களின் குரல் அது. அதற்குரிய மரியாதையோடு, கணக்கையும் பார்ப்போம். அதுவரை வெளிநாடு போனவை சுமார் 6.6 கோடி டோஸ். இந்தியாவில் 18 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 94 கோடி. ஆளுக்கு இரண்டு என்றால் 188 கோடி டோஸ் வேண்டும். ஏற்றுமதியான மொத்தமும் இந்தத் தேவையில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. பற்றாக்குறையின் வேர் வேறு இடத்தில் இருந்தது. அமெரிக்கா 2020 மே மாதமே, மருந்து பலிக்குமா என்று தெரியும் முன்பே, ஆலைகளுக்குப் பணத்தைக் கொட்டத் தொடங்கியது. நம் அரசு சீரத்துக்குக் கொடுத்த முதல் கொள்முதல் ஆணை 2021 ஜனவரியில்தான், அதுவும் 1.1 கோடி டோஸுக்கு மட்டும். உற்பத்தியைப் பெருக்க ரூ.3,000 கோடி முன்பணம் தர ஒப்புக்கொண்டது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில். விதைக்க வேண்டிய பருவத்தில் விதைக்காமல், அறுவடை போதவில்லை என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த படியைக் குறை சொல்வது சரியாகாது.

ஆகவே கொடுத்தது பிழையே இல்லை. கொடுத்த முறையில்தான் பிழை. அதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, அன்பளிப்பையும் வியாபாரத்தையும் ஒரே பெயரில் கலந்தது. அந்த 6.6 கோடியில் இலவசமாகக் கொடுத்தவை 1.07 கோடிதான். சுமார் 3.6 கோடி, காசு வாங்கி விற்றவை. ஏறக்குறைய 2 கோடி கோவாக்ஸுக்குப் போனவை. எல்லாவற்றுக்கும் ‘மைத்ரி’ என்று பெயர் வைத்தவுடன், விலை கொடுத்தவனும் தயவுக்குக் காத்திருப்பவனாகிவிட்டான். வங்கதேசம் முன்பணம் கட்டி 3 கோடி டோஸுக்கு ஒப்பந்தம் போட்டது. நிறுத்தத்துக்கு முன் அதில் கைக்கு வந்தது 70 லட்சம். நேபாளம் வாங்கிய 20 லட்சத்தில் பாதிதான் போனது. முதல் ஊசியோடு நின்றுபோன அங்குள்ள முதியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பரிசு தாமதமானால் வருத்தம்; ஒப்பந்தம் முறிந்தால் அது வேறு கணக்கு.

இரண்டாவது, எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்பதற்கு விதியே இல்லாதது. முதல் தவணை போட்டவருக்கான இரண்டாம் தவணையை மட்டுமாவது தனியே ஒதுக்கி வைத்திருக்கலாம். உற்பத்தியில் இத்தனை சதவீதம், எந்த நெருக்கடியிலும், வெளியே போகும் என்று முன்கூட்டியே அறிவித்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. பூட்டான் மார்ச் கடைசியில் தொடங்கி இரண்டே வாரத்தில், இந்தியா கொடுத்த மருந்தைக் கொண்டு, பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் முதல் ஊசி போட்டு முடித்தது. இரண்டாவதுக்கு ஜூலையில் அமெரிக்காவும் மற்ற நாடுகளும் கைகொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, உலகமே ஒரு ஊரை நம்பியது. இதில் இந்தியாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏழை நாடுகளுக்காக உருவான கோவாக்ஸ் தன் முதல் கட்டச் சரக்கில் பெரும்பகுதிக்கு ஒரே ஆலையைத்தான் மலைபோல் நம்பியிருந்தது. 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் என்று இலக்கு வைத்த திட்டம், 2022 ஜனவரி நடுவில்தான் 100 கோடியைத் தொட்டது. புனேயில் ஒரு வால்வை மூடியதும் அக்ரா முதல் காத்மாண்டு வரை குழாய் வறண்டது.

பணக்கார நாடுகள் செய்தது இதைவிட மோசம். மார்ச் 2021-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டிய 2.5 லட்சம் டோஸை இத்தாலி தடுத்து நிறுத்தியது. அமெரிக்கா தன் நாட்டில் அனுமதியே தராத அஸ்ட்ராஜெனெகா மருந்தைக் கோடிக்கணக்கில் கிடங்கில் வைத்திருந்தது. மூலப்பொருள் ஏற்றுமதிக்கான தடையை நீக்கும்படி ஏப்ரல் 16 அன்று சீரத்தின் தலைமை நிர்வாகி ஆதார் பூனாவாலா அமெரிக்க அதிபரிடம் வெளிப்படையாகவே முறையிட வேண்டிவந்தது. காப்புரிமையைத் தளர்த்தும்படி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் வைத்த கோரிக்கை ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுபட்டு, 2022 ஜூனில் மெலிந்துபோன வடிவில் வெளிவந்தது. இவை எல்லாம் உண்மை. ஆனால் அடுத்தவர் செய்த பெரிய தவறு நம் தவறைச் சிறியதாகக் காட்டலாம். அது காத்மாண்டுவில் காத்திருந்த முதியவரின் கையில் ஊசி போட்டுவிடாது.

“தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்” என்பது நம் பழமொழி. மைத்ரிக்கு எதிராக எடுத்து வைக்கப்படும் வலுவான வாதமும் இதுதான். அரசு முதலில் தன் குடிமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தானம் என்றால் அந்தப் பழமொழி சரி. ஆனால் முதல் தவணையைப் போட்ட பிறகு இரண்டாவது தவணை தானமாக இருக்க முடியுமா? தமிழில் கடமைக்கும் கடன் என்றுதான் பெயர், திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும் கடன் என்றுதான் பெயர். ‘தவணை’ என்ற சொல்லும் அந்தக் கடன் சீட்டிலிருந்து வந்ததுதான். மிஞ்சினால் கொடுப்பது தானம். மிஞ்சாவிட்டாலும் நாள் தவறாமல் கட்டுவது கடன். ஒருவரை நம்பவைத்து முதல் ஊசி போட்ட கணத்தில் நாம் தானத்தின் எல்லையைத் தாண்டிக் கடனுக்குள் வந்துவிட்டோம்.

இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு விடை அதே புனேயில் இருக்கிறது. 1996-97-இல் ஆப்பிரிக்காவின் செனகல் முதல் எத்தியோப்பியா வரையான பகுதியில் பரவிய ‘ஏ’ வகை மூளைக்காய்ச்சல் இரண்டரை லட்சம் பேரைப் படுக்கவைத்து 25,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கான, லாபம் இல்லாத தடுப்பூசியைத் தயாரிக்கப் பெரிய நிறுவனங்கள் முன்வரவில்லை. உலக சுகாதார அமைப்பும் பாத் என்ற தொண்டு நிறுவனமும் 2001-இல் ஒரு திட்டம் தொடங்கின. ஒரு டோஸுக்கு அரை டாலருக்கு மேல் போகக் கூடாது என்று அந்த நாடுகளின் சக்தியைப் பார்த்து விலையை முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த விலைக்குத் தயாரிக்கத் தயாரானவரைத் தேடினார்கள். சீரம் ஒப்புக்கொண்டது. அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடத்திலிருந்து தொழில்நுட்பம் புனேக்கு வந்தது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாஸோவில் ‘மென்ஆஃப்ரிவாக்’ போடத் தொடங்கினார்கள். அதன் பிறகு 30 கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். 2017-க்குப் பிறகு அந்த ‘ஏ’ வகை மூளைக்காய்ச்சல் அங்கே யாருக்கும் உறுதிசெய்யப்படவில்லை.

இந்த வேலைக்கு யாரும் கொடி அசைக்கவில்லை. பெட்டியில் யாருடைய அன்பளிப்பு என்ற ஸ்டிக்கரும் இல்லை. தேவையைச் சொன்னது பெறுபவர், விலை முன்பே எழுதப்பட்டது, பத்தாண்டுக் காலம் யாரும் பின்வாங்கவில்லை. மைத்ரியில் விடுபட்டது இதுதான்.

கடனைக் கடனாகச் செய்ய என்ன வேண்டும்? உற்பத்தியில் ஒரு பங்கை வெளிநாட்டுக்கென்று சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். தொடங்கிய தவணையை முடிக்காமல் நிறுத்தக் கூடாது என்று விதி வேண்டும். ஒரே தனியார் ஆலையை நம்பாதிருக்க, அரசின் ஆலைகள் உயிரோடு இருக்க வேண்டும். 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி ஆய்வு நிறுவனம் மூன்றின் உரிமத்தையும் 2008-இல் நிறுத்திவைத்து, 2010-இல் திருப்பிக் கொடுத்தார்கள். விட்ட இடத்தைப் பிடிக்க அவை பாடுபட்டன. செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் நூறு ஏக்கரில் எழுப்பிய தடுப்பூசி வளாகம், பெருந்தொற்றின் உச்சத்தில், 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் போய்ப் பார்த்தபோது வெறுமனே நின்றுகொண்டிருந்தது. அது ஓடியிருந்தால் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே யாருக்கு முதலில் என்ற கேள்வியே இவ்வளவு கூர்மையாக எழுந்திருக்காது.

2021-இன் அந்தக் கோடையில் நமக்கும் உதவி வந்தது. பூட்டான் அசாமுக்குத் திரவ ஆக்ஸிஜன் தர முன்வந்தது. கென்யா 12 டன் தேயிலை, காப்பி, நிலக்கடலை அனுப்பியது. நம்மில் சிலர் அதைக் கேலி செய்தார்கள். தன்னிடம் இருந்ததைக் கொடுத்த ஏழை நாட்டுக்கு நம் கடன் பாக்கி இருந்தது.

ஏற்றுமதி அக்டோபரில் மெல்ல மீண்டது; கோவாக்ஸுக்கு நவம்பர் 26 அன்று. அதற்குள் மற்ற இடங்களிலிருந்து மருந்து வரத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் ஆர்டர் இல்லாமல் சீரம் கோவிஷீல்டு உற்பத்தியை நிறுத்தியது. கையிருப்பில் சுமார் 10 கோடி டோஸ் காலாவதியாகிவிட்டதாக 2022 அக்டோபரில் ஆதார் பூனாவாலா புனேயில் சொன்னார். அதே 2021 முடியும்போது ஆப்பிரிக்காவில் பத்தில் ஒருவர்கூட முழுமையாகத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. மே மாதத்தில் கிடைக்காத மருந்து, பிறகு யாருக்கும் வேண்டாத மருந்தாகிப் போனது. அடுத்த நோய் வரும்போதும் லாரிகள் மாஞ்சரியிலிருந்துதான் கிளம்பும். அவை கிளம்பும் முன்பே, முதல் பெட்டியோடு இரண்டாவது பெட்டியும் என்றைக்குப் போகும் என்பதைத் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும்.