நாகத்தின் வழித்தோன்றல்: ஷாஹ்நாமாவில் குருதியும் குணமும்

நம் அரபுக் கல்லூரி மாணவர்க்கு ருஸ்தம் என்னும் பெயர் பெரும்பாலும் ஸீரா நூல்களின் வழியாகவே அறிமுகமாகிறது. மக்காவின் நள்ர் இப்னு ஹாரிஸ், ஹீரா நகரில் தான் கற்றுவந்த பாரசீக மன்னர்களின் கதைகளையும், ருஸ்தம், இஸ்ஃபந்தியார் ஆகியோரின் கதைகளையும் கூறி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவையிலிருந்து மக்களை ஈர்க்க முயன்றான் என்று இப்னு ஹிஷாம் பதிவு செய்துள்ளார். இச்செய்தியால் அப்பெயரின் மீது ஓர் ஐயப்பார்வை நம்மிடையே தங்கிவிட்டது. மறுபுறம், 20ஆம் நூற்றாண்டின் ஈரானியத் தேசியவாதிகள் சிலர் ஃபிர்தவ்ஸியின் ஷாஹ்நாமாவை அரபு எதிர்ப்பின் கொடியாகவும், தூய ஆரியக் குருதியின் சான்றாகவும் உயர்த்திப் பிடித்தனர். இவ்விரு சாராரும் அக்காப்பியத்தை முழுமையாகப் படிக்கவில்லை என்றே கூறவேண்டியுள்ளது. ஏனெனில், ஈரானின் காவலனாகப் போற்றப்படும் ருஸ்தம், தாய்வழியில் ஈரானின் கொடிய பகைவனான ளஹ்ஹாக்கின் வழித்தோன்றல் ஆவான். மேலைப் புனைகதைகள் டிராகன் என்று அழைக்கும் பெருநாகத்தின் குருதி அவனுள் ஓடுகிறது. இந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு காப்பியத்தை ஈண்டு ஆராய விழைகிறோம்.

நாகமாக இருந்தவன் மன்னனான வரலாறு

ளஹ்ஹாக் தொடக்கத்தில் மனிதனே அல்லன். ஜொராஸ்திரியரின் மறைநூலான அவெஸ்தாவில் அவன் அஷி தஹாகா என்னும் பெயருடன், மூன்று தலைகளும் மூன்று வாய்களும் ஆறு கண்களும் உடைய பெருநாகமாகத் தோன்றுகிறான். பாரசீகத்திலும் உருதுவிலும் பெருநாகத்தைக் குறிக்கும் ‘அஜ்தஹா’ என்ற சொல்லே அப்பெயரிலிருந்து பிறந்ததாகும். அரபுகளின் நாவில் அது ‘ளஹ்ஹாக்’ என்றாகி, ‘மிகுதியாகச் சிரிப்பவன்’ என்னும் பொருளையும் பெற்றது.

ஃபிர்தவ்ஸி அந்நாகத்தை மனிதனாக்குகிறார். அவருடைய ளஹ்ஹாக், மர்தாஸ் என்னும் இறையச்சமுள்ள அரபு மன்னனின் மகன். இப்லீஸின் தூண்டுதலால் தந்தையின் கொலைக்கு உடன்படுகிறான். பின்னர்ச் சமையற்காரனாக உருமாறி வந்த இப்லீஸ் அவனுடைய தோள்களில் முத்தமிட, அங்கிருந்து இரண்டு கரும்பாம்புகள் முளைக்கின்றன. வெட்ட வெட்டத் தழைக்கும் அப்பாம்புகளுக்கு நாள்தோறும் இரண்டு மனிதரின் மூளை உணவாகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு நாள் குறைவாக நீடித்த அக்கொடுங்கோன்மை, காவா என்னும் கொல்லனின் எழுச்சியாலும் ஃபரீதூனின் வீரத்தாலும் முடிவுற்றது. ளஹ்ஹாக் தமாவந்த் மலையில் பிணைக்கப்பட்டான்.

ஃபிர்தவ்ஸிக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்றில் இவனைப் பற்றி எழுதியுள்ளார். அவன் தோள்களில் இருந்தவை பாம்புகள் அல்ல, பாம்புத் தலைபோல் நீண்ட இரு தசைக்கட்டிகளே. மக்களை அச்சுறுத்துவதற்காகவே அவற்றைப் பாம்புகள் என்று அவன் கூறிவந்தான் என்னும் கருத்தையும் அவர் எடுத்துரைக்கிறார். யமன் நாட்டார் ளஹ்ஹாக்கைத் தம்மவன் என்று உரிமை கொண்டாடியதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. ளஹ்ஹாக்கின் கதையை அரபு இனத்தின் மீதான வசையாகக் கொள்வோர், அரபுகளில் ஒரு சாராரே அவனைப் பெருமைக்குரிய முன்னோனாகக் கருதினர் என்பதை நினைவிற்கொள்வது நன்று. மேலும், ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிஷ்கின் அய்யூபிய மன்னர் அல்மலிக் அல்முஅள்ளம் ஈஸாவுக்காக ஷாஹ்நாமாவை அரபு உரைநடையில் சுருக்கிப் பெயர்த்தார் அல்புந்தாரீ. அதனை அப்துல் வஹ்ஹாப் அஸ்ஸாம் 1932இல் கெய்ரோவில் பதிப்பித்தார். இது இனப்பகையின் நூலாக மட்டும் இருந்திருப்பின், அரபு மண்ணை ஆண்ட மன்னரின் அவையில் அதற்கு இத்தகைய வரவேற்பு கிட்டியிராது.

ஸால் – ரூதாபா திருமணம்

ளஹ்ஹாக் வீழ்ந்தபின்னும் அவனுடைய வழி அற்றுப்போகவில்லை. காபூலை ஆண்ட மிஹ்ராப் அவன் வழியில் வந்தவன். ஈரானியப் படைத்தலைவன் ஸாமுக்குக் கப்பம் கட்டுபவன். அவனுடைய மகள் ரூதாபாவை ஸாமின் மகன் ஸால் விரும்புகிறான். ஸாலும் குறையற்றவனாகக் கருதப்பட்டவன் அல்லன். பிறக்கும்போதே தலை நரைத்திருந்ததால் தந்தையால் மலையில் கைவிடப்பட்டு, ஸீமுர்க் என்னும் பெரும்பறவையால் வளர்க்கப்பட்டவன். பறவையிடம் வளர்ந்தவனும் அரக்க வழியில் வந்தவளும் கூடினால் எத்தகைய பிள்ளை பிறக்குமோ என்று ஸாமே கலங்குகிறான். ஈரானின் அரசன் மனூச்சிஹ்ர் அஞ்சுவதும் அதுவே. காபூலை எரித்து, மிஹ்ராபின் குலத்தையே அழித்துவிடுமாறு அவன் ஸாமுக்கு ஆணையிடுகிறான். நாகத்தின் வித்து எங்கே மீண்டும் முளைத்துவிடுமோ என்னும் அரசியல் அச்சம் அது.

இவ்விடத்தில் ஃபிர்தவ்ஸி படைத்துள்ள ஸீந்துக்த் என்னும் பெண்மணியை நாம் வியந்து நோக்குகிறோம். மிஹ்ராபின் மனைவியும் ரூதாபாவின் தாயுமாகிய அவர், அரிய பரிசில்களுடன் தூதராகச் சென்று ஸாமின்முன் நிற்கிறார். குற்றம் மிஹ்ராபுடையது என்றே வைத்துக்கொண்டாலும், காபூலின் அப்பாவி மக்கள் செய்த பிழை என்ன என்று வினவுகிறார். குலத்தைக் குற்றமாக்கும் நீதியின் வேரை அவ்வினா அசைத்துவிடுகிறது. வாளேந்தி வந்த ஸாம் மனம் இளகுகிறான். சோதிடர்களும் இம்மணத்தில் பிறக்கும் மகன் ஈரானுக்கு அரணாவான் என்று கூற, மனூச்சிஹ்ர் இசைகிறான்.

அம்மகனே ருஸ்தம். அவன் ஏந்திய கொடியில் இருந்த உருவம் அஜ்தஹா. தன் ஏழு இடர்ப்பயணத்தின் மூன்றாம் கட்டத்தில் அவன் வெட்டி வீழ்த்தியதும் ஓர் அஜ்தஹாவையே. இறுதிக் காலத்தில் இளவரசன் இஸ்ஃபந்தியார் அவனுடைய குலத்தை இழித்துரைத்தபோது ருஸ்தம் தாய்வழியை மறைக்கவில்லை. தன் அன்னை மிஹ்ராபின் மகள் என்றும், ளஹ்ஹாக் அக்குலத்தின் ஐந்தாம் தலைமுறை முன்னோன் என்றும் அவனே எடுத்துரைக்கிறான். எந்தக் குருதியை அஞ்சி ஒரு நகரமே எரிக்கப்பட இருந்ததோ, அதனை ஈரானின் முதல் வீரன் அவையில் தலைநிமிர்ந்து கூறுகிறான். காப்பியத்தின் நெஞ்சம் இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு.

இரு மறுப்புகள்

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, ஸீஸ்தான் பகுதியின் ருஸ்தம் கதைகள் தனி மரபாக இருந்து பின்னர் அரசர் வரலாற்றுடன் இணைந்தவை. எனவே இவ்வம்சாவளி ஃபிர்தவ்ஸியின் படைப்பன்று என்பது. ஹிஜ்ரி 346இல் உருவான அபூ மன்ஸூரின் உரைநடை ஷாஹ்நாமா போன்ற மூலங்களை அவர் தழுவினார் என்பது உண்மையே. ஆயினும், பெற்ற செய்தியை ஒரு குறிப்பாகக் கூறி நகர்ந்துவிடாமல், அதைச் சுற்றி மன்னனின் அச்சத்தையும் ஒரு தாயின் வாதத்தையும் விரித்துப் பாடியது கவிஞரின் தேர்வேயாகும்.

மற்றொன்று இதனினும் வலிமையானது. ளஹ்ஹாக் தந்தையின் கொலைக்கு உடன்பட்டதைப் பாடுமிடத்தில், உண்மை மகன் தந்தையின் குருதியைச் சிந்தத் துணியான். துணிந்தால் அதன் மறைபொருள் தாயிடம் இருக்கும் என்னும் கருத்தை ஃபிர்தவ்ஸி கூறுகிறார். நல்லவனுக்குத் தீயவன் பிறக்க இயலாது என்று குருதிக் கோட்பாட்டையே இங்கு அவர் நாடுகிறார். அதற்காகக் குற்றமறியா ஒரு பெண்ணின் கற்பின்மீது ஐயத்தை வீசுகிறார். இது குறை என்றே நாம் கருதுகிறோம். ஆனால், கவிஞர் கூறும் கோட்பாட்டை அவருடைய கதையே மறுத்துவிடுகிறது. நல்லவனாகிய மர்தாஸின் மகன் ளஹ்ஹாக். கொடியோன் ளஹ்ஹாக்கின் வழியில் வந்தவன் ருஸ்தம். அந்த ருஸ்தமைக் குழியில் வீழ்த்திக் கொன்ற ஷகாதோ ஸாலின் மகன். ருஸ்தமுக்கே தந்தைவழித் தம்பி. காபூல் மன்னனும் அச்சதியில் பங்குகொண்டான் எனினும், திட்டத்தை வகுத்துத் தந்தவன் தந்தை ஒருவனுக்கே பிறந்த உடன்பிறப்பு. நாகத்தின் வழியை அஞ்சிய ஈரானுக்கு, அதன் காவலனை அழிக்கும் நஞ்சு வீரர் குலத்திலிருந்தே வந்தது.

இறைவனிடம் மேன்மை இறையச்சத்தால் மட்டுமே என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் கற்பிக்கிறது. ஃபிர்தவ்ஸி அவ்வசனத்துக்கு விரிவுரை எழுதினார் என்று நாம் கூற வரவில்லை. அவர் பழங்கதையைப் பாடிய கவிஞர். எனினும், குலத்தின் பெயரால் மனிதரை உயர்த்தவும் ஒதுக்கவும் அழிக்கவும் முனைவோர்க்கு அவருடைய காப்பியம் ஒருபோதும் துணைநில்லாது. ருஸ்தமின் கொடியை உயர்த்திப் பிடிப்போர், அதில் வரையப்பட்டிருப்பது அஜ்தஹாவின் உருவம் என்பதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.