சீட்டுப் போடாத பெண்கள்

முதுகலை வகுப்பில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலை நடத்தி முடித்த அன்று, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேம், இவுக ஒருத்தரும் சீட்டே போட மாட்டாகளா?”

வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. கேட்டவள் வேம்பார்ப் பெண். அம்மா கருவாடு வாங்கி விற்கிறவர். அவர்கள் தெருவில் வீட்டில் உலை கொதிக்கிறதோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சீட்டுப் பணம் கைமாறியாக வேண்டும். கட்ட முடியாத வாரத்தில் சில பெண்கள் கோயிலின் பக்கவாசல் வழியாக நழுவிப் போவார்களாம். நாவல் முழுக்கப் பெண்கள் நேசிக்கிறார்கள், அழுகிறார்கள், சாகிறார்கள்; ஒருத்திகூட வாரக் கணக்குப் பார்க்கவில்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அந்த நாவலைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற எனக்கு இப்படியொரு கேள்வி தோன்றியதே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்ததிலிருந்து வந்தது இக்கட்டுரை.

தமிழ் படித்தவர்களுக்குக் கடற்கரைப் பெண் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டவள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மாலைப்பொழுது, புன்னை மரம், திரும்பாத தலைவன், கரையில் நிற்கும் அவள். இந்தச் சட்டகத்தை நாங்கள் இளங்கலை முதலாண்டிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் சங்கப் பாடல்களில் இரங்குகிறவள் மட்டும் இல்லை. உப்புக்கு ஈடாக நெல் கேட்டுத் தெருவில் கூவிச் செல்லும் உமணப் பெண் அகநானூற்றில் இருக்கிறாள். மீனை உலர்த்திப் பறவை ஓட்டுகிறவள் இருக்கிறாள். சிக்கல் என்னவென்றால், அந்த உப்பு விற்கிறவளை நமக்குக் காட்டுவது அவளைக் கண்டு மயங்கிப்போன ஒருவனின் வாய். அன்றைக்கு அவளுக்கு எத்தனை படி நெல் கிடைத்தது என்பது அவனுக்குத் தேவையில்லாத செய்தி.

முத்துக்குளித்துறையில் ஒரு கதை சொல்வார்கள். கல்லைக் காலில் கட்டிக் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும்; தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அவன்தான் கவனமாக இழுப்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கயிற்றின் ஒரு முனையில் புருஷன், மறுமுனையில் அண்ணன், அந்தப் பெண் கதைக்குள் இருப்பது தாலியாக மட்டும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. இந்தக் கதை நிற்கவில்லை.

அச்சுக்கு வந்த உரைநடையிலும் இந்தக் கரைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சானது, பெரும்பாலும் இங்குள்ள பரதவக் கிறித்தவர்களை மனத்தில் வைத்து. வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான ஊர்களில் ஞானப் புத்தகமாக வாசிக்கப்பட்ட இத்தகைய நூல்கள் கொடுத்த பெண்கள் இருவகை: கற்பைக் காத்து உயிர்விட்ட கன்னி, பாவம் செய்து அழுது மன்னிப்புப் பெற்றவள். நெய்தல் கொடுத்த இரங்கலும் திருச்சபை கொடுத்த புனிதமும் கைகோத்துக்கொண்ட இடத்தில்தான் நவீன நாவல் வந்து தன் பெண்ணை உருவாக்க வேண்டியிருந்தது.

‘கடல்புரத்தில்’ 1977இல் வெளிவந்தது. மணப்பாட்டில் வல்லங்களுக்கும் லாஞ்சுகளுக்கும் இடையில் பகை மூளும் காலம். பிலோமி சாமிதாஸை நேசிக்கிறாள், தன்னையே கொடுக்கிறாள், அவன் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் அவனை வெறுப்பதில்லை. இந்த மன்னிப்பைத்தான் நம் விமர்சகர்கள் திரும்பத் திரும்பக் கொண்டாடியிருக்கிறார்கள். பிலோமியின் அன்பு பெரியது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அந்தப் பக்கங்களை வகுப்பில் வாசிக்கும்போது குரல் இடறியிருக்கிறது. ஆனாலும் ஆண்கள் தமக்கு வேண்டிய மன்னிப்பைத் தாமே எழுதிக்கொள்ளும் வசதியைப் பற்றி யாராவது பேச வேண்டாமா?

எனக்கு அந்த நாவலில் பெரிய படைப்பு பிலோமி இல்லை, அவள் அம்மா மரியம்மை. கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்க, நன்றாக உடுத்திக்கொள்ள ஆசைப்படுகிறவள். வாத்தியிடம் அவளுக்கு ஒரு பிரியம் இருக்கிறது. அதற்கு வண்ணநிலவன் பெயர் சூட்டுவதில்லை, தண்டனை தேடுவதுமில்லை. அம்மாவைக் கசப்போடு பார்த்த மகள், அம்மா இறந்த பிறகு அதே வாத்தியிடம் போய் உட்கார்ந்து பேசுகிறாள். தாயின் ஆசையை மகள் காலம் தாழ்த்திப் புரிந்துகொள்வதை இவ்வளவு சத்தமில்லாமல் எழுதிய தமிழ் நாவல்கள் குறைவு. கன்னியும் இல்லை, அழுது திருந்திய பாவியும் இல்லை, மூன்றாவதாக ஒருத்தி. ஓர் ஆண் எழுதியதால் இதற்கு மதிப்பெண் குறைக்க நான் தயாரில்லை.

ஆனால் மாணவியின் கேள்வியோடு திரும்பிப் போய்ப் படித்தால் ஒன்று தெரிகிறது. வறுமையும் கடனும் நாவலில் உண்டு. கதையைத் திருப்புகிற கொடுக்கல் வாங்கலோ, வல்லத்தை விற்பதா வீட்டை விற்பதா என்பது, குரூஸ் மைக்கேலும் மகன் செபஸ்தியும் முடிவு செய்கிற விஷயம். பெண்களிடம் மனம் இருக்கிறது, அவர்கள் கையில் காசு புரள்வதில்லை. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவரின் நாவல். காற்று, நீரோட்டம், வலை, மீன் பற்றிய அறிவில் அதற்கு இணையில்லை. அங்கும் கதையின் முதுகெலும்பு கடலில் மரத்தைப் பற்றிக்கொண்டு மிதக்கும் ஆண்கள்தாம். கரையில் பெண்கள் நிறையவே உண்டு, வலுவானவர்களும்கூட. ஆனால் கடலின் நுணுக்கத்துக்குக் கிடைத்த பக்கங்களில் பாதிகூட மீன் கரைக்கு வந்த பிறகு பெண் கை செய்யும் வேலையின் நுணுக்கத்துக்குக் கிடைக்கவில்லை. (எங்கள் பக்கத்துப் பனங்காட்டிலும் இதே கதைதான். ஏறுகிறவனைப் பாடுவார்கள், இறக்கிய பதநீரை விறகுப் புகையில் நின்று காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குகிறவளை யாரும் பாடுவதில்லை. வேம்பார்க் கருப்பட்டி என்று பேர் மட்டும் ஊருக்குப் போகிறது.)

இங்கேதான் ராஜம் கிருஷ்ணனிடம் போக வேண்டியிருக்கிறது. முசிறியில் பிறந்த பிராமணப் பெண். கணவர் மின்வாரியப் பொறியாளர். அவர் பணிபுரிந்த நீலகிரியில் படகர் வாழ்வைக் கண்டு ‘குறிஞ்சித்தேன்’ எழுதியவர். ‘முள்ளும் மலர்ந்தது’ நாவலுக்காகச் சம்பல் பள்ளத்தாக்குவரை போனவர். மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ என்று எழுபதுகளின் இறுதியில் எங்கள் கரையை எழுதினார். போய்ப் பார்த்து, கேட்டு, குறிப்பெடுத்து எழுதும் இந்த முறையை நம் இலக்கியப் பெரியவர்கள் மெச்சவில்லை. தகவல் நாவல், கலையாகவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை நான் மாணவியாக இருந்தபோது அப்படியே நம்பினேன். இப்போது நம்புவதில்லை. ஊர் டீக்கடையில் உட்கார்ந்தால் பாத்திரங்கள் தாமே வந்து பேசும் வசதி ஆண் எழுத்தாளருக்கு இருந்தது. ஒரு பெண் எழுத்தாளர் அந்தக் காலத்தில் உப்பளத்துக்குப் போய்ப் பாத்தியில் நிற்கும் பெண்ணிடம் கூலி என்ன, கால் புண்ணுக்கு என்ன போடுகிறாய் என்று கேட்பதே வீட்டைவிட்டு வெளியேறும் செயல். அவர் குறிப்பெடுத்தது திறமைக் குறைவால் இல்லை. தமிழ்நாட்டில் பெண்ணுக்கு உலகம் கேட்டுத்தான் கிடைக்கிறது.

‘கரிப்பு மணிகள்’ பொன்னாச்சி அளத்துக்கு வேலைக்குப் போகிறாள். உப்பு வாருவது, சுமப்பது, தட்டுமேட்டில் குவிப்பது, கண்ணைக் கூசவைக்கும் வெண்மை, குடிக்கத் தண்ணீர் கிடைக்காதது, மேலாள் ஒருவன் அவள் உடல்மீது எடுத்துக்கொள்ளும் உரிமை. அவளுடைய நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, கூலி எவ்வளவு, அது எங்கே போகிறது என்பதெல்லாம் கதைக்குள்ளே இருக்கிறது. என் மாணவி தேடிய கணக்கு இங்கே இருக்கிறது. ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் நாட்டுடைமையானவை. அவள் கைப்பேசியிலேயே தரவிறக்கி இரண்டு நாளில் படித்துவிட்டு வந்தாள்.

வந்து சொன்னது: “வேலையெல்லாம் சரியா இருக்கு மேம். ஆனா அவ ஒருநாளாச்சும் சும்மா இருக்க மாட்டாளா?”

அதுவும் நியாயம்தான். பொன்னாச்சி சுமப்பது உப்பு மட்டுமில்லை. ஆசிரியர் சொல்ல வந்த வழக்கையும் சேர்த்துச் சுமக்கிறாள். தொழிலாளர் உரிமை பேசும் ராமசாமியிடம் அவளுக்கு அன்பு வளர்கிறது. அந்த அன்பை ஆசிரியர் மிகுந்த மரியாதையோடு, ஒரு மூத்த அத்தையின் கண்காணிப்போடு எழுதுகிறார். மரியம்மை கண்ணாடி முன் நிற்பதுபோல் பொன்னாச்சியால் நிற்க முடியாது. துன்பப்படுகிறவளை ஆசைப்படுகிறவளாகவும் காட்டினால் வாசகர் அவள் பக்கம் நிற்க மாட்டாரோ என்ற அச்சம் அங்கே எனக்குக் கேட்கிறது. அந்த அச்சம் பொய்யானதும் இல்லை. நம் நீதிமன்றங்களிலும் வீடுகளிலும் பாதிக்கப்பட்டவள் புனிதையாக இருந்தால்தானே பேச்சையே கேட்கிறார்கள்.

ஒருவர் ஆசையைக் கொடுத்தார், கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. மற்றவர் கணக்கைக் கொடுத்தார், ஆசைக்குக் காவல் வைத்தார். இரண்டும் சேர்ந்த ஒருத்தியை எழுத முடியுமா என்று பார்க்கத்தான் கவிதை எழுதிக்கொண்டிருந்த நான் கதைக்குள் இறங்கினேன். மோசமாக இறங்கினேன். அந்தோணியம்மாள் என்று பேர் வைத்து, வேம்பார்க் கரையில் கருவாடு போடும் ஒருத்தியை முப்பது பக்கம் எழுதினேன். முப்பது பக்கமும் அவள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆண் எழுத்தாளர்களைக் குறை சொன்ன நானே அவளைக் கொண்டுபோய்ப் புன்னை மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். கவிதையில் ஓர் உணர்ச்சி போதும், அதோடு முடித்துக்கொள்ளலாம். கதையில் அவள் மறுநாள் காலையில் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் தண்ணீர் பிடிக்க வேண்டும், பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை வந்தாக வேண்டும்.

மாணவியின் அம்மாவையே போய்ப் பார்த்துப் பேசலாம் என்று நினைத்தேன். அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க அம்மாவ எழுதாதீக மேம். ஊர்ல படிச்சிருவாக” என்றாள்.

எனக்கு அப்போது பி. சிவகாமி நினைவுக்கு வந்தார். 1989இல் ‘பழையன கழிதலும்’ எழுதியவர், பிறகு ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நாவலில் முதல் நாவலை எழுதியவளையே விசாரணைக்கு நிறுத்தினார். கௌரியின் தந்தை காத்தமுத்துவை ஏன் அப்படிப் படைத்தாய், எதை மறைத்தாய், யாருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டாய் என்று தானே கேட்டுக்கொள்ளும் துணிவு தமிழில் அபூர்வம். சொந்த வீட்டை எழுதியவருக்கே இவ்வளவு கேள்வி என்றால், வார இறுதியில் பஸ் ஏறி வேம்பாருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும் எனக்கு?

அம்மாவை விட்டுவிட்டேன். மறுக்கப்பட்டதுதான் உதவியது. தெரிந்த ஒருவரின் முகம் இல்லாததால் அந்தோணியம்மாளுக்கு எல்லாவற்றையும் நானே தேட வேண்டியிருந்தது. ஒரு நோட்டு வாங்கி அவளுடைய வரவு செலவை எழுதத் தொடங்கினேன். மீன் வாங்கிய காசு, உப்பு, ஓலைப்பெட்டி, சாயல்குடிக்கு பஸ், நாற்றம் என்று கண்டக்டர் ஏற்றாத நாளில் ஷேர் ஆட்டோ, சீட்டு, மகன் பீஸ். நாலாவது வாரம் கூட்டிப் பார்த்தால் இருநூறு ரூபாய் இடித்தது. என் கணக்குதான் தப்பு என்று மூன்று முறை கூட்டினேன். தப்பு இல்லை. முந்தைய வாரங்களிலும் சிறு சிறு தொகையாக எங்கோ போயிருந்தது. அன்று இரவு எனக்கு வந்த சந்தோஷம் எந்தக் கவிதையும் தந்ததில்லை. அவள் என்னிடம் எதையோ மறைக்கிறாள்!

உடனே என் புத்தி வேலையைக் காட்டியது. அந்தப் பணத்தைச் சீக்காளித் தங்கைக்குக் கொடுத்தாள் என்று எழுதினேன். தியாகம். இரண்டு பக்கத்தில் பாத்திரம் செத்துவிட்டது. கிழித்தேன். பிறகு ஒரு ஆணுக்குக் கொடுத்தாள் என்று எழுதினேன். துணிச்சலான எழுத்து என்று யாராவது சொல்வார்கள் என்ற நப்பாசைதான். அதுவும் அவளுடையதாக இல்லை. இப்போது அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். சனிக்கிழமை சாயல்குடியிலிருந்து ஒரு பஸ் தாமதமாக வருகிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

போன மாதம் கையெழுத்துப் பிரதியை மாணவியிடம் கொடுத்தேன். எட்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தந்தாள். ‘ஈரம் காயாத கருவாட்டைச் சாக்குல கட்டுனா புழு வச்சிரும்.’ ‘வாடை அடிக்கயில கரையில யாரும் காயப் போட மாட்டாக.’ ‘சீட்டு எடுத்த அன்னைக்கு வீட்ல கறி எடுப்பாக.’ சனிக்கிழமை பஸ் வரும் பத்தியில் எதுவும் எழுதவில்லை. ஓரத்தில் ஒரு சின்ன டிக் மட்டும் இருந்தது.