வார்தாவின் படத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

செம்பவாங்கில் நண்பர் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்க்க ஒரு படம். நண்பர் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தார், தலைப்பிலேயே மாட்டிக்கொண்டார். அன்யேஸ் வார்தா 2000இல் எடுத்த ஆவணப்படம். அறுவடை முடிந்த வயலில் மிச்சம் கிடப்பதைப் பொறுக்குகிறவர்கள், கூடவே பொறுக்குகிற ஒருத்தி என்பது பிரெஞ்சுத் தலைப்பின் பொருள். அந்த ஒருத்தி வார்தாதான். ஆங்கிலத்தில் அவள் 'நான்' ஆகிவிட்டாள். "அப்ப 'பொறுக்கிகளும் நானும்'னு வச்சிடலாமா?" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

மில்லேயின் 1857ஆம் ஆண்டு ஓவியத்தில் கதிர் பொறுக்கும் பெண்களின் முதுகு வளைந்திருக்கும். அந்த வளைவைத் தேடித்தான் வார்தா சின்ன டிஜிட்டல் கேமராவோடு கிளம்புகிறார். கடைக்கு ஏற்ற அளவில் இல்லை என்று கொட்டப்பட்ட உருளைக்கிழங்குக் குவியலில் இதய வடிவக் கிழங்கைக் கண்டு வீட்டுக்கு எடுத்துப்போகிறார். கறுப்பு அங்கியோடு ஒரு வக்கீல் வயலுக்கு நடுவில் நின்று சட்டம் படிக்கிறார். அறுவடை முடிந்ததும், பகல் வெளிச்சத்தில், பொறுக்கலாம். 1554இலிருந்து இருக்கும் உரிமை. யாரும் பார்த்துக் கொடுக்கவேண்டியதில்லை.

படத்தின் ஆள் எனக்கு அலென்தான். உயிரியல் படித்தவர். பாரிஸ் சந்தை கலைந்ததும் தரையில் கிடப்பதை எடுத்து நின்றபடியே சாப்பிடுகிறார், ராத்திரியில் குடியேறிகளுக்குச் சம்பளமில்லாமல் பாடம் எடுக்கிறார். அடுத்த படத்தில் (2002) அவரே வார்தாவிடம், உங்களை நீங்களே எடுத்துக்கொண்ட பகுதிகள் தேவையில்லை என்கிறார். வார்தா அதை வெட்டவில்லை. லென்ஸ் மூடி ஆடும் காட்சி எனக்கும் நீளம்தான். ஆனால் தன் சுருங்கிய கையை எடுக்காமல் விட்டிருந்தால், வார்தா வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவராகியிருப்பார்.

நம் ஊரில் பொறுக்க வயல் ஏது? உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. இங்கே எல்லாம் கடைவாசலில்தான். எஸ்ஜி ஃபுட் ரெஸ்க்யூ தொண்டூழியர்கள் லிட்டில் இந்தியாவிலும் பாசிர் பாஞ்சாங்கிலும் விற்காத காய்கறிகளைச் சேர்க்கிறார்கள். பெயரிலேயே 'மீட்பு'. 2024இல் நிறைவேறிய உணவு நன்கொடைச் சட்டமும் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது. அவசியமான சட்டம்தான். பிரெஞ்சுச் சட்டமோ எடுக்கிறவர் பக்கம் நிற்கிறது.

ஒருமுறை அப்படிச் சேர்த்த முட்டைக்கோஸோடு புளோக் கீழே நின்றேன். ஒரு பாட்டி, "எங்கய்யா பொறுக்குன?" என்றார். "பொறுக்கல பாட்டி, மீட்டது" என்று அவசரமாகத் திருத்தினேன். "நாங்க ஊர்ல கடலைக் கொல்லையில பொறுக்குவோம். வெரட்டுவானுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு முட்டைக்கோஸ் எடுத்துக்கொண்டார். பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உஞ்சவிருத்தி என்றாலும் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்வதுதான். மகாபாரதத்தில் பாதி உடம்பு பொன்னான கீரி வந்து சொல்கிறதே, தருமனின் அசுவமேதம் ஒரு ஏழைப் பிராமணன் கொடுத்த மாவுக்கு ஈடாகாது என்று? அவன் அப்படி வாழ்ந்தவன்தான். அவன் குனிந்தால் விரதம். நிலமில்லாதவள் குனிந்தால் விரட்டல். அவள் செய்த வேலையின் பெயரோ நம் வாயில் வசவு. சினிமா வில்லனைத் திட்ட அதைவிட லேசான சொல் நமக்கு இல்லை.

நண்பர் 'உதிரி சேகரிப்போர்' என்று எழுதி வைத்திருக்கிறார். வார்தாவை என்.ஜி.ஓ. ஆக்காதே என்று சண்டை போட்டேன். அன்று சிரித்துச் சொன்ன தலைப்பை இப்போது சிரிக்காமல் கேட்கிறேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.