மாற்றி என்னும் வாசகன்

எழுத்துக் குறியேற்றத்தை மாற்றுவது கணினிக்காரர்களின் வேலை என்று நம் இலக்கியவாதிகள் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பிரதியை ஒரு குறியமைப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் நிரல், முதலில் அதை வாசித்தாக வேண்டும். வாசிக்கிற எவருக்கும், தெரிந்தோ தெரியாமலோ, ஓர் இலக்கணம் உண்டு.

பாமினி எழுத்துருவில் கோத்த பழைய சிற்றிதழ்க் கோப்புகள் சிலவற்றை யூனிகோடுக்கு மாற்றினேன். ‘வெளி’ என்று தேடினால் ஒன்றுகூட இல்லை. கோட்பாடு பேசுகிற இதழில் ‘வெளி’ இல்லாமல் எப்படிப் போகும்? கிட்டப்போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. எல்லா இடத்திலும் ‘வௌி’ என்று ஆகியிருக்கு: ஔகாரக் குறியின்மேல் ஓர் இகரம்.

பாமினியில் ‘அம்மா’ என்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறது. ரோமன் எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எழுத்துரு போனால் அம்மாவும் போனாள். அங்கே ளகரத்துக்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ஒரே இடம். இது தட்டச்சுப்பொறியின் சிக்கனம். ‘கௌரவம்’ எது, ‘வெளி’ எது என்பதை மனித வாசகர் சூழலிலிருந்து பிரித்துக்கொண்டார். மாற்றியோ கொம்பு, மெய், ள என மூன்றையும் சேர்ந்தாற்போல் கண்டதும் ஔகாரம் என்று முடிவு கட்டிவிட்டது.

இரண்டு குறியமைப்புகளுக்கும் இடையே இருப்பது பார்வைக்கும் ஒலிக்குமான வேறுபாடு. பாமினி கண் பார்க்கும் வரிசையில் கொம்பை முன்னால் வைக்கிறது. 1991இல் முதல் பதிப்பு கண்ட யூனிகோடு, மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னாலும் வைக்கிறது. கொம்பை முன்னே காட்டுவது திரையின் பொறுப்பு. உயிர்மெய்களுக்குத் தனி இடம் தரவில்லை என்று யூனிகோடைக் குறை சொல்கிறோம். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் உயிர்மெய்யில் மெய் முன், உயிர் பின் என்கிற தொல்காப்பிய மரபுக்கு நெருங்கி நிற்பது அந்த வரிசைதான்.

இலக்கணம் தெரிந்திருந்தால் பிழையைத் தவிர்த்திருக்கலாம். ஔகாரக் குறிமேல் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ ஏறாது. ஏறியிருந்தால் அது ளகர மெய்தான். ‘வெள்ளம்’, ‘தெளிவு’ எல்லாம் இந்த ஒரு விதியில் பிழைத்துக்கொள்ளும். மிச்சத்துக்கு அகராதி வேண்டும்.

நிரல் எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பிரதியின் மரணம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். தமிழ் எம்.ஏ. படித்த நாங்கள் யாராவது போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோமா? கோப்புகளை இப்போது ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.