பல்லும் சொல்லும்

எழுத்துகள் பிறக்கும் இடங்களைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு என்பவற்றோடு பல்லையும் இதழையும் நாவையும் மூக்கையும் அண்ணத்தையும் சேர்த்து எண்ணினார். பல்லின் நிரை பிறழின் சொல்லின் ஒலியும் சிலரிடத்துப் பிறழும் என்பதை வகுப்பறையில் வாய்விட்டுப் படிப்பிக்கும் தமிழாசிரியர் அறிவர். ஆதலின், பற்சீராக்கம் பற்றி மருத்துவர் அல்லாத ஒருவர் எழுதுவது முற்றும் புறம்பான செயலாகாது. எனினும், ஈண்டு யான் ஆராயப் புகுவது அம்மருத்துவத்தை அன்று. அதனை நோயாளர்க்கு விளக்குவதாக யூடியூப்பில் உலவும் தமிழ்க் காணொளிகளின் உரையையே.

இத்தகைய உரைகளை அளப்பதற்கு மேனாட்டார் ஒரு கோல் வகுத்துள்ளனர். 1990களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான ‘டிசேர்ன்’ என்னும் வினாத்தொகுதி அது. அதில் 16 வினாக்கள் உள. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி வழங்கப்படும். நோக்கம் தெளிவா, ஆதாரம் காட்டப்பட்டதா, நன்மையோடு தீங்கும் சொல்லப்பட்டதா, சிகிச்சை செய்யாதுவிடின் யாது நிகழும், வேறு வழிகள் உளவா என்றெல்லாம் அது வினவும். எழுத்துரைக்கென வகுக்கப்பட்ட இக்கோலைப் பிற்காலத்து ஆய்வாளர் காணொளிகளுக்கும் பொருத்தினர். பற்சீராக்கக் காணொளிகளை அவ்வாறு அளந்தோர் பலரும் அவற்றுட் பெரும்பாலானவை குறையுடையன என்றே முடிவு கண்டனர். ஆனால், நன்னூலார் பாயிரத்தில் வகுத்த பத்துக் குற்றங்களையும் கற்ற நமக்கு இவ்வினாக்களிற் பல புதியன அல்ல. தீங்கைக் கூறாது விடுவது குன்றக்கூறல் அன்றி வேறென்ன?

யான் கண்ட காணொளிகளில் மிக்கிருப்பதும் அக்குற்றமே. பல் அசைவது எங்ஙனம் என்பதை நோக்குவோம். வேரைச் சூழ்ந்து அதனைத் தாடை என்போடு பிணைக்கும் மெல்லிய இழையம் ஒன்று உண்டு. கம்பியின் மென்விசை இடைவிடாது தாக்கும்போது, அழுத்தம் பெறும் பக்கத்தில் என்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய என்பு படிகிறது. உயிருள்ள என்பு கரைந்து வளர வேண்டியிருத்தலின், இவ்வேலை விரைவில் முடிவதன்று. ஒன்றரை ஆண்டு, ஈராண்டு, சிலர்க்கு அதனினும் மிகுதியாகும். காணொளியோ ‘முன்பு’, ‘பின்பு’ என இரண்டு படங்களைக் காட்டி இடைப்பட்ட காலத்தை ஒரு நொடியில் விழுங்கிவிடுகிறது. துலக்காது விட்டால் கம்பியைச் சுற்றிப் பல்மிளிரியில் வெண்டழும்பு விழும் என்பதும், வேர்நுனி சிறிது தேயக்கூடும் என்பதும் அரிதாகவே சொல்லப்படுகின்றன. கம்பியைக் கழற்றிய பின்னர் பல்லை நிலைநிறுத்தும் கருவியை அணியாவிடின் பற்கள் பழைய இடத்தை நாடிச் செல்லும். இது சிகிச்சையின் பாதி. உரையில் அதற்குக் கடைசி வாக்கியம்கூடக் கிடைப்பதில்லை.

இக்குறை எல்லார்க்கும் ஒருபடித்தாக இராது. படுவான்கரையில் வேளாண்மையோ கூலித்தொழிலோ செய்யும் ஒரு தாய், மகளுக்குக் கம்பி போடுவிக்க எண்ணுகிறாள் என்க. நான்கு, ஆறு வாரங்களுக்கொருமுறை வாவியைக் கடந்து பட்டினத்துக்கு வரவேண்டும். ஒவ்வொரு வரவும் ஒருநாட் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் மகளின் ஒருநாட் பாடத்தையும் விழுங்கும். இடையில் நிறுத்தின், கம்பி பல்லிற் கிடக்க, கவனிப்பார் இன்றிச் சொத்தை தோன்றும். தொடங்குமுன் அவள் அறியவேண்டியது இதுவே. அவள் கேட்பதோ இந்திய ரூபாயிற் சொல்லப்படும் ஒரு விலையும், நடிகர் ஒருவரின் புன்னகையும்.

குன்றக்கூறலினும் கொடியது பொய்ம்மை. முன்பற்களின் இடைவெளியை மூடச் சாதாரண இரப்பர் வளையத்தை மாட்டிக்கொள்ளுமாறு கற்பிக்கும் காணொளிகள் உலகெங்கும் பரவின. பல்லின் வேர் நுனியை நோக்கிக் கூம்பியது; ஆகவே வளையம் ஈறுக்குள் வழுக்கி ஏறி, என்பை அழித்துப் பல்லையே விழச்செய்யும். அமெரிக்கப் பற்சீராக்க மருத்துவர் சங்கம் இதனை எச்சரித்திருக்கிறது. நாவை அண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடையின் வடிவம் மாறும் என்னும் ‘மியூயிங்’ உபதேசம் இதனினும் புதியது. நம் ஆண் மாணவரிடையே அதற்குப் பற்று மிகுதி. வளர்ந்தோர் தாடை அங்ஙனம் மாறும் என்பதற்கு ஏற்ற சான்று இல்லை. இவற்றைக் கண்டிக்கும் வைத்தியர்தம் காணொளிகளும் உள. ஆனால், பார்வையாளர் தொகை தரத்தைப் பின்பற்றுவதில்லை.

இனிச் சொல்லைப் பற்றிச் சிறிது. தமிழ்நாட்டுக் காணொளிகளில் ‘கிளிப்’ என்னும் ஒரே சொல், பல்லில் ஒட்டப்படும் கம்பிக்கும் கழற்றி மாட்டும் தட்டுக்கும் வழங்குகிறது. மயங்கவைத்தல் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டா. இது தமிழின் வறுமையால் வந்ததன்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயில் இருந்து தமிழிலே மருத்துவம் கற்பித்தார். அவர் தந்த ‘இரணவைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பொருளை உணர்ந்து சொல்லைத் தேடிய அவ்வுழைப்பில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் இக்காணொளிகள் திருந்தும்.

யான் கண்டவற்றுட் பாராட்டத் தக்கதும் ஒன்றுண்டு. ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் மேல் முன்பற்களுக்கு இடையே வெளி விழுவது இயல்பே. கோரைப்பற்கள் இறங்கும்போது அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஐந்து நிமிடமும் நிறையாத அக்காணொளியில் ஒரு பெண் மருத்துவர் இதனைத் தாய்மார்க்குச் சாக்கட்டியால் வரைந்து காட்டுகிறார். ஐயமிருப்பின் ஒருமுறை காட்டிக் கேளுங்கள், இப்போதைக்குக் கம்பி வேண்டாம் என்கிறார். இசையும் இல்லை, விலைப்பட்டியும் இல்லை. பாராட்டுவோர் தொகையும் மிகச் சிறிது.